பள்ளியை வைத்து வீடு தேடியது: சேலத்துக்கு மாறிவந்த ஒரு குடும்பத்தின் நிகழ்வு ஆய்வு

ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து, நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் நான். இந்தக் குடும்பம் என்னிடம் யோசனை கேட்டது, சொன்னேன். சொன்னதில் பாதி தப்பாகப் போனது. எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம். குடும்பத்தாரின் சம்மதம் இருக்கிறது. பள்ளிகளைத் திசையை வைத்து மட்டும் குறிப்பிடுகிறேன்.

பின்னணி

கணவர் திருப்பூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். சேலம் லீ பஜார் பக்கம் சொந்தக்காரர் ஒருவரின் மண்டியில் வேலை கிடைத்தது, 2024 மே மாதம் சேர வேண்டும். மனைவி வீட்டிலேயே தையல். பெண் அப்போது 5-ஆம் வகுப்பு, பையன் யு.கே.ஜி. இருவரும் ஒரு மெட்ரிக் பள்ளியில். இரண்டு பேருக்கும் சேர்த்து ஃபீஸ் வருஷத்துக்கு 62,000 ரூபாய், வேன் தனி. புதுச் சம்பளம் 28,000.

அரசுப் பள்ளிக்கு மாற்றலாம் என்ற எண்ணம் பணத்தால் வந்ததுதான், அதை அவர்கள் மறைக்கவில்லை. கூடவே இன்னொரு கணக்கும் இருந்தது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த வருஷம் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் நீட்டினார்கள். கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. அதற்கும் அந்த 6-ஆம் வகுப்புக் கணக்குத்தான். பெண் சரியாக 6-க்குப் போகிற வருஷம் என்பதால் அப்பா இதை ரொம்பவே பிடித்துக்கொண்டார். பத்து வயசுப் பிள்ளைக்கு டாக்டர் சீட் கணக்கு போடுவது எனக்கு ஒப்பவில்லை. ஆனாலும் கணக்கு தப்பில்லை. 7-லோ 8-லோ மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தால் அந்தக் கதவு மூடிவிடும்.

இதில் பலரும் விழும் குழி ஒன்று உண்டு, இவர்களும் விழ இருந்தார்கள். சொந்தக்காரர் சொன்ன ஒரு பழைய பள்ளி அரசுப் பள்ளி இல்லை, அரசு உதவிபெறும் பள்ளி. ஃபீஸ் குறைவு, நல்ல பேர், வாத்தியார் சம்பளம் அரசாங்கம் தருவது. எல்லாம் சரி, ஆனால் 7.5-இல் சேராது. மாநகராட்சிப் பள்ளியும் ஆதிதிராவிடர் நலப் பள்ளியும் சேரும். பெயர்ப்பலகையை நின்று படித்தால்தான் இந்த வித்தியாசம் தெரியும்.

முதலில் போட்ட பட்டியல்

பிப்ரவரியில் மூன்று பக்கம் வீடு பார்த்து வைத்திருந்தார்கள். வடக்கே ஏற்காடு அடிவாரத்தை நோக்கிப் போகும் பக்கம் ஒன்று: காற்றும் தண்ணீரும் நன்றாக இருக்கும் என்று அம்மாவுக்கு அங்கே ஆசை. கிழக்கே அயோத்தியாப்பட்டணம் ரோட்டை ஒட்டிப் புதிதாக வந்த மனைப்பிரிவுகளில் ஒரு வீடு: மூன்று வருஷப் போக்கியம் 4 லட்சம், மாத வாடகை கிடையாது. தெற்கே தாதகாப்பட்டி வட்டாரத்தில் ஒரு மாடி போர்ஷன்: வாடகை 8,500, லீ பஜாருக்குக் கிட்டத்தில்.

நம் ஊரில் அரசுப் பள்ளிக்கு எல்லைக்கோடு கிடையாது. இந்தத் தெருவில் இருந்தால்தான் இந்தப் பள்ளி என்று யாரும் திருப்பி அனுப்புவதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் 1 கிலோமீட்டருக்குள் தொடக்கப்பள்ளி, 3 கிலோமீட்டருக்குள் நடுநிலை என்று சொல்வது அரசாங்கத்தின் கடமை, பிள்ளைக்குப் போட்ட வேலி இல்லை. ஆனால் ஆறு வயசுப் பையன் தினமும் நடக்க வேண்டுமே. அந்த நடைதான் எல்லைக்கோடு.

பதிவேடு சொன்னது

மார்ச்சில் மூன்று பக்கத்துப் பள்ளிகளின் யுடைஸ் அறிக்கையையும் (பள்ளி விவரங்களைத் திரட்டும் மத்திய அரசுப் பதிவேடு) எடுத்துப் பார்த்தோம். ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண் உண்டு. அதைப் போட்டால் மாணவர் எத்தனை, ஆசிரியர் எத்தனை, வகுப்பறை, கழிப்பறை எல்லாம் வரும். பழைய வருஷத்துக் கணக்குத்தான், இருந்தாலும் ஒரு உருவம் கிடைக்கும்.

இந்த எண்களைப் படிக்கக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை மனசில் இருக்க வேண்டும். 1 முதல் 5 வரை 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டே ஆசிரியர். 61 ஆனால் மூன்று, 91 ஆனால் நான்கு. அதாவது ஐந்து வகுப்பை இரண்டு பேர் நடத்துவது சட்டப்படி குறையே இல்லை. 6 முதல் 8 வரை வகுப்புக்கு ஒருவராவது வேண்டும்: கணிதமும் அறிவியலும் சேர்த்து ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர்.

வடக்குப் பள்ளி தொடக்கப்பள்ளி, 58 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர். கிழக்குப் பள்ளி நடுநிலை: கீழ் வகுப்புகளில் 112, மேல் வகுப்புகளில் 60. தெற்கில் ஒரு தொடக்கப்பள்ளியும், பத்து நிமிஷ நடையில் 6 முதல் 12 வரை உள்ள பெண்கள் மேல்நிலைப்பள்ளியும்.

கிழக்குப் பள்ளியின் அந்த 60-ஐ நான் பார்த்தேன். மூன்று பட்டதாரி ஆசிரியர் இருக்கிறார்கள், அட்டவணைப்படி சரியாக இருக்கிறது என்று மனசுக்குள் டிக் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போய்விட்டேன். அங்கே நின்றிருக்க வேண்டும்.

நேரில் பார்த்தவை

வடக்குப் பள்ளிக்கு முதலில் போனோம். சுவரெல்லாம் படம், தோட்டத்தில் கீரை. காலை எட்டே காலுக்கே பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்து ரவா கிச்சடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பையன் ஆசையாகப் பார்த்தான், அவனுக்கும் ஒரு தட்டு வந்தது. தலைமையாசிரியை வெள்ளந்தியான மனுஷி. "உங்க பையனோட சேத்து 59 சார். இன்னும் ரெண்டு பேர் கிடைச்சா மூணாவது போஸ்ட் கேக்கலாம்" என்றார். ஆகஸ்ட் 1 அன்று இருக்கும் எண்ணிக்கையை வைத்துத்தான் பணியிடம் நிர்ணயம் செய்வார்கள் என்பதால் அந்த இரண்டு பிள்ளைகளுக்காக அவர் ஊரையே சுற்றிக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பிடித்திருந்தது. ஆனால் பெண்ணுக்கு 6-ஆம் வகுப்பு அங்கே இல்லை. விட்டோம்.

தெற்கே மேல்நிலைப்பள்ளி பழைய கட்டடம், கூட்டம் அதிகம், ஒரு பிரிவில் ஐம்பது பேருக்குக் குறையாது. வாசலில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம் போட்ட ஃபிளெக்ஸ். அப்பா அதைப் போட்டோ எடுத்தார். நான் அலுவலகத்தில் கேட்டது வேறு: போன வருஷம் 9-இல் எத்தனை பேர், இப்போது 10-இல் எத்தனை பேர். தேறாத பிள்ளைகள் பத்துக்கு முன்பே விடுபட்டால் விகிதம் தானாக ஏறிவிடும். பதினொன்று குறைந்திருந்தது. சிலர் ஊர் மாறியவர்கள் என்றார்கள், இருக்கலாம். ஆனால் கணக்குக்கு மட்டும் மூன்று ஆசிரியர்கள் இருந்தார்கள், அதையும் குறித்துக்கொண்டோம்.

அங்கே எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரிடம் அம்மா பேச்சுக் கொடுத்தார். "பாத்ரூம் எப்படி கண்ணு?" என்று கேட்டார். ஒருத்தி சிரித்துக்கொண்டே, "நாங்க பதினோரு மணிக்கு மேல தண்ணியே குடிக்க மாட்டோங்க அக்கா" என்றாள். அம்மா போய்ப் பார்த்தார். நான்கில் இரண்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒன்றில் குழாய் இல்லை. திரும்பி வந்தவர் வண்டியில் ஏறும்வரை பேசவில்லை. தெற்கு அன்றைக்கே அடிபட்டுப்போனது.

கிழக்குப் பள்ளிக்கு ஏப்ரல் முதல் வாரம் போனோம். மக்களவைத் தேர்தல் ஏப்ரல் 19. பள்ளி வாக்குச்சாவடி என்பதால் சாய்தளம் பூசி, குழாய் மாற்றி, பளபளவென்று இருந்தது. (தேர்தல் வருஷத்தில் பள்ளி பார்ப்பவர்கள் இதைக் கழித்துக்கொள்ளவும்.) ஸ்மார்ட் வகுப்பறை இருந்தது. அதைவிட எனக்குப் பிடித்தது மூன்றாம் வகுப்பு. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து உட்கார வைப்பார்கள். பல பள்ளிகளில் பெயருக்குத்தான் நடக்கும். இங்கே ஒரு பையன் அரும்பிலிருந்து மொட்டுக்குப் போன தேதியை டீச்சர் நோட்டைப் புரட்டாமல் சொன்னார். ஆறாம் வகுப்புக் கணக்கு நோட்டு நாலைந்தை வாங்கிப் பார்த்தேன். தப்புக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி மட்டும் போடாமல், எந்த வரியில் தடம் மாறியது என்று சிவப்பு மையில் கோடிழுத்திருந்தது. வாரத்துக்கு மூன்று தேதி.

தலைமையாசிரியர் சுறுசுறுப்பானவர். பள்ளி மேலாண்மைக் குழுத் தாய்மார்கள் நான்கு பேர் அவரைச் சுற்றி நின்று ஏதோ தண்ணீர்த் தொட்டி விவகாரம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆங்கில வழியும் தமிழ் வழியும் ஒரே அறையில்தான் உட்கார்ந்திருந்தன. விளக்கம் தமிழில், புத்தகம் அவரவருடையது. அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவு 2012-13-இல் தொடங்கியதிலிருந்து இதுதான் பெரும்பாலும் நடைமுறை. பெண்ணுக்கு அது நல்லதென்றே பட்டது.

வீட்டிலிருந்து பள்ளிக்கு எண்ணூறு மீட்டர். நடுவில் ஒரு ஓடை, காய்ந்து கிடந்தது.

முடிவும் காரணமும்

கிழக்கு என்று முடிவானது. இரண்டு பிள்ளைகளும் ஒரே காம்பவுண்டுக்குள், அக்கா தம்பியைக் கைபிடித்துக் கூட்டிப்போகிற தூரம், வாடகை இல்லை. அப்பாவுக்கு மண்டி பத்துக் கிலோமீட்டர், பரவாயில்லை என்றார். 4 லட்சத்தில் பாதி மனைவியின் அப்பா கொடுத்தது. பத்திரம் ஏப்ரல் 22-ஆம் தேதி.

"சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அம்மா சொன்னது நினைவிருக்கிறது. நான் சொன்னது உண்மையில் இரண்டு பேரை வைத்துத்தான்: அந்தத் தலைமையாசிரியர், அந்தக் கணக்கு டீச்சர். பள்ளி நல்ல பள்ளி என்று சொன்னேன். அவர்கள் இருவரும் நல்லவர்கள் என்பதுதான் நான் பார்த்தது.

ஜூனுக்குப் பிறகு

வெயில் காரணமாக அந்த வருஷம் ஜூன் 10-இல் பள்ளி திறந்தது. முதல் மாதம் எல்லாம் நன்றாகவே போனது. ஜூலையில் பொது மாறுதல் கலந்தாய்வில் தலைமையாசிரியர் சொந்த ஊருக்குப் பக்கமாக வேறு ஒன்றியத்துக்குப் போனார். கணக்கு டீச்சரும் போனார், கணவர் வேலை பார்க்கும் மாவட்டத்துக்கு. இருவருக்கும் பல வருஷக் காத்திருப்பு, அவர்களைக் குறை சொல்ல முடியாது. நானே என் சர்வீஸில் மூன்று முறை அப்படிப் போனவன்தான். அப்படியிருந்தும் ஏப்ரலில் எனக்கு அது உறைக்கவில்லை.

புதுத் தலைமையாசிரியர் உடனே வந்தார். கணக்கு இடம் காலியாகவே இருந்தது. அட்டவணையில் கணிதத்துக்கும் அறிவியலுக்கும் சேர்த்து ஒரே ஆள் என்றேனே, அந்த ஒரு ஆள் போனதும் இரண்டு பாடமும் சேர்ந்து போயின. தொடக்க வகுப்பு ஆசிரியர் ஒருவர் மாறி மாறி வந்து பார்த்துக்கொண்டார், அவருக்குத் தன் வகுப்பும் இருந்தது.

செப்டம்பரில் அவர்கள் வீட்டுக்குப் போனபோது பெண்ணின் கணக்கு நோட்டைப் பார்த்தேன். கடைசித் தேதி ஜூலை 12. அதற்கப்புறம் மூன்று பக்கம் கோலம் போட்டிருந்தாள், புள்ளி வைத்து, சுத்தமாக. முதல் பருவத் தேர்வில் கணக்கு 60-க்கு 19. திருப்பூரில் எண்பதுக்குக் குறையாமல் வாங்கியவள்.

பையன் கதை வேறு. முதல் வகுப்பு டீச்சர் அப்படியே இருந்தார். அக்டோபருக்குள் கடைப் பெயர்ப்பலகை எல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்தான். காலை உணவு, நண்பர்கள், எல்லாம் அவனுக்கு ஒத்துப்போனது. ஒரே பள்ளி, ஒரே வருஷம், ஒரு பிள்ளைக்கு நல்லது, இன்னொன்றுக்குக் கெட்டது.

குடும்பம் செய்தது

ஆகஸ்டில் மாநிலம் முழுக்கப் பள்ளி மேலாண்மைக் குழுக்களை 24 பேர் கொண்டதாக மறுகட்டமைப்பு செய்தார்கள். அம்மா உறுப்பினரானார். முதல் கூட்டத்திலேயே காலிப் பணியிடத்தைத் தீர்மானமாகப் போட வைத்தார். வாய்ப்பேச்சாக விடாமல் எழுத்தில் போகட்டும் என்று நான் சொல்லியிருந்தேன், அது ஒன்றையாவது சரியாகச் சொன்னேன். வட்டாரக் கல்வி அலுவலரிடம் இரண்டு தடவை நேரில் போனார்கள். அக்டோபர் கடைசியில் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒருவரை வாரம் மூன்று நாள் மாற்றுப்பணியில் அனுப்பினார்கள். அந்த வருஷம் முழுக்க அவ்வளவுதான்.

டிசம்பர் முதல் வாரம் ஃபெஞ்சல் புயல் மழை. ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தது, நகரத்தில் திருமணிமுத்தாறு பொங்கியது. எங்கள் காய்ந்த ஓடையில் பையன் இடுப்பளவுக்குத் தண்ணீர். கலெக்டர் விட்ட விடுமுறை முடிந்தும் பையன் இன்னும் நான்கு நாள் போகவில்லை. ஓடைக்கரையில் பெட்டிக்கடை வைத்திருக்கும் பெரியவர், "இது வருஷா வருஷம் வர்றதுதானுங்க சாமி, இந்த வருஷம் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். ஏப்ரலில் அதே கடையில்தான் நின்று டீ குடித்தோம், கேட்கவில்லை.

வீட்டை விட்டுவிடலாமா என்று பேச்சு வந்தது. போக்கியப் பணத்தை நடுவில் கேட்டால் வீட்டுக்காரர் வேறு ஆள் பிடித்துத்தான் தர வேண்டும், அவர் அவசரப்படவில்லை. ஆகவே வீடு இருக்கட்டும், பெண்ணை மட்டும் மாற்றலாம் என்று முடிவு செய்தார்கள்.

இன்றைய நிலை

2025 ஜூனில் பெண் 7-ஆம் வகுப்புக்குத் தெற்கே அந்தப் பெண்கள் மேல்நிலைப்பள்ளியில் சேர்ந்தாள், நாங்கள் கழிப்பறையைப் பார்த்துக் கழித்த அதே பள்ளி. எமிஸ் எண் (பள்ளிக் கல்வித்துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் தரும் பதிவு எண்) கூடவே போவதால் மாற்றுச் சான்றிதழில் சிக்கல் இல்லை. இரண்டும் அரசுப் பள்ளி என்பதால் அப்பாவின் 7.5 கணக்கும் கெடவில்லை. நாங்கள் பார்த்துவிட்டு வந்த சில மாதங்களிலேயே மாநகராட்சி கழிப்பறையைச் சரிசெய்திருந்தது. பெண்ணிடம் கேட்டேன். "மத்தியானம் நாறும் தாத்தா. ஆனா தாழ்ப்பா இருக்கு" என்றாள். அங்கேயும் அந்த வருஷம் கணக்கு ஆசிரியர் ஒருவர் மாறுதலில் போனார். மீதி இரண்டு பேர் பிரிவுகளைப் பகிர்ந்துகொண்டார்கள். பெண்ணுக்கு அது நடந்ததே தெரியாது.

காலை 7.35 டவுன் பஸ், பழைய பஸ் நிலையத்தில் இறங்கி இன்னொன்று. டிக்கெட் செலவு இல்லை, ஆனால் சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் வீடு. சில நாள் அப்பா மொபெட்டில் கூட்டிப்போகிறார். தையல் மிஷினை விட்டு எழுந்து பஸ் ஸ்டாப்புக்குப் போய் நிற்பதால் அம்மாவுக்குத் தினமும் ஒரு மணி நேரம் போகிறது. அது ஒரு ரவிக்கை என்று கணக்குச் சொல்வார்.

மறுபடி என்றால்

ஏப்ரலில் பத்திரம் போட விடமாட்டேன். கலந்தாய்வு முடியும்வரை வாடகைக்குப் பதினொரு மாத ஒப்பந்தம் போதும். போக்கியம் அதற்கப்புறம். வாடகை மிச்சம் என்று அன்றைக்குத் தெரிந்தது, இன்று பஸ் நேரமாகவும் தையல் கூலியாகவும் போய்க்கொண்டிருக்கிறது.

நல்ல ஆசிரியரைப் பார்த்தால் சந்தோஷப்படலாம், ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அவர் போனால் அந்தப் பாடத்துக்கு வேறு யார் என்பது. கீழ் வகுப்புகளில் இது அவ்வளவு கடிக்காது, யாராவது ஒருவர் எல்லாப் பாடமும் எடுப்பார். 6-க்கு மேல் கடிக்கும். சிறிய நடுநிலைப்பள்ளிகள் மோசம் என்று நான் சொல்ல மாட்டேன், என் வாழ்நாளே அவற்றில்தான் போனது. ஆனால் 6-க்குப் போகும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு, அந்தப் பெரிய பழைய பள்ளியைத் தாழ்ப்பாளுக்காகத் தள்ளியது என் தப்பு. தாழ்ப்பாளை ஒரு மனுக் கொடுத்து வாங்கிவிடலாம். கணக்கு வாத்தியாரை வாங்க முடியவில்லை, எவ்வளவோ முயன்றோம். அம்மா இதில் என்னோடு முழுதாக ஒத்துப்போகவில்லை. தண்ணீர் குடிக்காமல் இருந்த அந்தப் பிள்ளையை மறக்க முடியாது என்கிறார், அதுவும் சரிதான்.

வீட்டிலிருந்து பள்ளிக்கு நடக்கும் வழியைக் கோடையில் பார்த்தது போதாது. கடைக்காரரைக் கேட்டிருந்தால் ஒரு டீ செலவு.

போக்கியம் முடிவது 2027 ஏப்ரலில். போன மாதம் மண்டியில் வேலை செய்யும் ஒருவர், குடும்பத்தோடு அதே மனைப்பிரிவுக்கு வர நினைத்து விசாரிக்க வந்திருந்தார். பெண் 5-ஆம் வகுப்பாம். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னார்: "அட்வான்ஸ் இப்பக் குடுக்காதீங்க அண்ணா. கலந்தாய்வு முடிஞ்சு யாரு இருக்காங்க, யாரு போனாங்கன்னு பாத்துட்டுக் குடுங்க."

அவர் முந்தின நாளே கொடுத்துவிட்டிருந்தார்.